வெண்டக்கா கட்டிய இரண்டாவது அடுக்களை

பீரோவின் அடித்தட்டில் ஈரம் ஏறிவிட்டது. மூன்று நாளாக மழை விடவில்லை. பழைய புடவைகளை எடுத்து உதறும்போது உன் நோட்டு கீழே விழுந்தது. அட்டையெல்லாம் பூஞ்சணம். உள்ளே உன் நீலப் பேனா எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. 'உருளைக்கிழங்கு அப்பம். மாவு ஒரு பங்கு, தண்ணி ஒரு செம்பு, கிழங்கு மூணு. இரும்பு அடுப்பில் வைக்கணும். மண் அடுப்பில் பாதி கருகிப் போறது.' சாப்பிடவே முடியாத சாப்பாட்டுக்கு நாற்பது பக்கம் செய்முறை எழுதி வைத்தவள் இந்தத் திருவனந்தபுரத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

நோட்டை மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து சோறு வடிக்க வேண்டும், எழ மனசில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அலுப்பு, அவ்வளவுதான். ஆபீஸில் இப்போது டாக்டர்கள் பேசுவதை இயந்திரமே கேட்டு எழுதிவிடுகிறது. அது எழுதியதில் பிழை பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒருத்தி துலக்கிப் போட்ட பாத்திரத்தை மறுபடி துலக்குவது மாதிரி இருக்கிறது. நீ இருந்தால் "இதுக்கும் சம்பளம் தராளோல்லியோ, பின்னே என்னடி" என்று கேட்டிருப்பாய். உனக்கு எதிலும் குறை சொல்லத் தெரியாது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

கழக்கூட்டத்து ஆபீஸில் நமக்கு அடுத்தடுத்த நாற்காலி. காதில் ஹெட்போன், காலடியில் பெடல். அமெரிக்க டாக்டர்கள் வாயில் எதையோ மென்றுகொண்டே நோயாளியின் கதையைச் சொல்வார்கள், நாம் பெடலை மிதித்து மிதித்து ஒலிப்பதிவை நிறுத்தித் தட்டச்சு செய்வோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு விடுவார்கள். திரும்பும்போது கிழக்கேகோட்டை வரை ஒரே பஸ். அங்கே இறங்கி நீ ஸ்ரீவராகத்துக்கு நடப்பாய், நான் ஆரியசாலைக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவே கால் மணி நேர நடை. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் நீ என் வீட்டில் சாப்பிட்டதில்லை, நான் உன் வீட்டில் சாப்பிட்டதில்லை.

நீ காரணத்தைச் சொல்லியிருக்கிறாய். உன் மாமியார் மடியாகச் சமைப்பவர். பஸ்ஸில் நாலு பேரை இடித்துக்கொண்டு வரும் மருமகளை அடுக்களைக்குள் விட மாட்டார். "கல்யாணமாகி நாலு வருஷமாறது. ஒரு ரசம் நானா வச்சதில்லை, கேட்டோ" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். வெளியில் எங்கும் சாப்பிடுவதில்லை என்று அவரிடம் சத்தியம் வேறு செய்திருந்தாய்.

அந்தச் சத்தியம் தெரியாத நாளில், ஆபீஸ் கேன்டீனில் உன் டப்பா மூடியில் ஒரு கரண்டி பருப்புத் துவையல் வைத்தேன். வெறும் பருப்பும் தேங்காயும்தான். நீ "பின்னே சாப்பிடறேன்" என்று மூடி வைத்தாய். கை கழுவப் போன இடத்தில், குப்பைக் கூடையில் அந்தத் துவையல் கிடந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியத்தைப் பற்றிச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அந்த விளையாட்டு வந்தது. நம் பிரிவில் இருந்த ஒரு மலையாளிப் பெண் அறிமுகப்படுத்தினாள். இணையத்தில் ஊர் ஊராக ஆட்கள் நுழைந்து, காடு மலை சுற்றி, மிருகங்களோடு சண்டை போடும் விளையாட்டு. நமக்குச் சண்டை வரவில்லை. ஆனால் அதில் நிலம் பிடித்து, மரம் வெட்டி, சொந்தமாக வீடு கட்டலாம். வீட்டில் அடுக்களை வைக்கலாம், சமைக்கலாம். அதைக் கேட்டதும் உன் முகம் விரிந்ததை நான் மறக்கவில்லை. "யார் வேணும்னாலும் அடுப்புக்கிட்ட போலாமா?" என்று கேட்டாய்.

சனிக்கிழமை மத்தியானங்களில் கிழக்கேகோட்டை பிரௌசிங் சென்டரில் அடுத்தடுத்த இரண்டு கேபின் பிடிப்போம். நடுவே ஒரு பலகைத் தடுப்பு. நீ 'வெண்டக்கா' என்று பெயர் வைத்துக்கொண்டாய், நான் மீன் பெயராக 'நெத்தோலி'. அங்கே வீட்டுக்காரி விளையாட்டுக்குள் இருந்தால்தான் விருந்தாளிக்குக் கதவு திறக்கும். ஒரு வீட்டில் சமைத்ததை அந்த வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், வாசலைத் தாண்டினால் மறைந்துபோகும். நான் தடுப்பைத் தட்டி "ஏட்டி, வாசல்ல நிக்கேன், தொற" என்பேன். திரையில் உன் கதவு திறக்கும்.

என் வீட்டுக்கு நீ முதல் தடவை வந்தபோது உருளைக்கிழங்கு சுட்டு வைத்திருந்தேன். திரையில் நீ நகர்த்தும் உன் ஆள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நீ மெல்லச் சொன்னாய். "இது சத்தியத்துல சேராதுடி." முப்பது வயதுப் பொம்பளை, பொம்மைக் கிழங்குக்கு அழுதேன் என்றால் யார் நம்புவார்கள்.

அந்த உலகத்தில் மீன்தான் பிரதானம். காட்டுக்குள் போகுமுன் ஒரு தட்டு மீன் சாப்பிட்டால் உடம்பில் பலம் நிற்கும். காய்கறிக்குப் பாதி பலம்கூடக் கிடையாது. நீ அங்கேயும் மீனைத் தொட மாட்டேன் என்றாய். ஓநாயிடம் வாரத்துக்கு நாலு தடவை செத்தாய். "வெண்டக்காயைத் தின்னுட்டு ஓநாய்கிட்டப் போனா அது கும்பிட்டா அனுப்பும்?" என்று கேட்டேன். "செத்தா என்ன, திரும்ப எழுந்து வரேனே" என்றாய். நான் உன் வீட்டுக்கு வந்தால் காய்கறி அப்பம்தான் கிடைக்கும். அதைத் தின்றுவிட்டு நானும் உன்னோடு வந்து செத்தேன். சந்தோஷமாகத்தான் செத்தேன்.

பிறகு கொஞ்ச நாள் ஆபீஸில் என்னிடம் விசித்திரமாகக் கேள்வி கேட்டாய். மீனைக் கழுவினால் நாற்றம் போய்விடுமா, குழம்பு கொதித்ததும் போடுவீர்களா முதலிலேயே போடுவீர்களா. பொழுது போகாமல் கேட்கிறாய் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை "புதுசா ஒரு ரூம் கட்டியிருக்கேன், வந்து பாரு" என்றாய். ஒரு மாதம் மரம் சுமந்து கட்டியது அது. போனேன். உன் ஆள் என்னை நடுவீட்டு வழியாக அழைத்துப் போகவில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அங்கே தனி வாசலோடு இன்னொரு அடுக்களை. "இது உனக்கு. மீனெல்லாம் இங்க வச்சுக்கலாம். அந்த அடுப்புல மட்டும் வேண்டாம், கேட்டோ" என்றாய்.

உனக்கு ஒன்று தெரியாது, நான் சொன்னதில்லை. என் அப்பா ஆரியசாலைப் பருப்பு மண்டியில் மூட்டை சுமந்தவர். உங்கள் தெருவில் சில வீடுகளுக்குத் துவரம்பருப்பு கொண்டுபோய்க் கொல்லைவாசலில் இறக்குவார். சின்னப் பிள்ளையாக நானும் கூடப் போயிருக்கிறேன். தண்ணீர் கேட்டால் செம்பை எட்டத் தூக்கிப் பிடித்து உள்ளங்கையில் ஊற்றுவார்கள். அப்பா அதைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கும்பிடுவார். அவர் கும்பிட்டது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அதனால்தான் அன்றைக்கு அப்படி வந்தது வார்த்தை. "கல்லும் மண்ணும் இல்லாத வீட்டுலயும் எனக்குக் கொல்லைவாசல்தானா?" என்று கேட்டேன். பிரௌசிங் சென்டரில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அப்புறம் நீ "உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லேன்டி" என்றாய். நான் பார்க்கவில்லை. விளையாட்டை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஐந்து மாதம் பேசவில்லை. அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசாமலிருப்பது எவ்வளவு களைப்பான காரியம் என்று உனக்கும் தெரிந்திருக்கும். பஸ்ஸில் நான் முன்பக்கம் ஏறினால் நீ பின்பக்கம். பிறகு நீ விடுப்பு எடுத்தாய். முதலில் மஞ்சள்காமாலை என்றார்கள். அப்புறம் நாம் தினமும் நூறு தடவை தட்டச்சு செய்த ஒரு சொல், ஈரலில் வருவது, உன் பெயரோடு சேர்த்து ஆபீஸில் சொல்லப்பட்டது. அந்தச் சொல்லுக்குப் பிறகு டாக்டர்கள் என்ன சொல்வார்கள் என்று நமக்கு மனப்பாடம். அதனால் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நீ ஆள் விட்டுக் கூப்பிட்ட பிறகுதான் வந்தேன். அதுவரை நானாக வரவில்லை. ஆபீஸிலிருந்து நேரே வந்தபோது மணி மூன்று இருக்கும். வாசலில் உன் மாமியார் நின்றார். என்னைப் பார்த்ததும் "வாம்மா, உள்ள வா. உனக்கு அடுக்களையில எலை போடணும்னு அவ ஒரே பிடிவாதம். போட்டிருக்கேன்" என்றார். குரலில் வெறுப்பு இல்லை. ஓய்ந்துபோன குரல்.

அடுக்களையில் சுவரோரம் உன்னைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். உனக்கு ஒரு இலை, பக்கத்தில் எனக்கு ஒரு இலை. "நீ வராம சாப்பிட மாட்டேன்னு உக்காந்திருக்கா. நானும் காத்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார் மாமி. நீ "ரசம் நான்தான் வச்சேன். பக்கத்துல உக்காந்து சொல்லிச் சொல்லி" என்றாய். அதைச் சொல்வதற்கே உனக்கு மூச்சு வாங்கியது.

நான் நிலைப்படியில் நின்றேன். "இல்ல மாமி, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். "ஒரு வாய்" என்றாய். "வயிறு நெறஞ்சு கெடக்கு" என்றேன். "சரி, பரவால்லை" என்று சொல்லிவிட்டு உன் இலைப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மாமி என் இலையை எடுத்து ஓரமாக வைத்தார். நீ இரண்டு வாய் சாப்பிட்டாய். கொஞ்ச நேரம் ஆபீஸ் கதை பேசினேன். பதினோரு நாள் கழித்து உன்னை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த நோட்டை உன் கணவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் அந்த விளையாட்டுக்கான கடவுச்சொல் இருந்தது. என்னவென்று அவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரியுமென்று சொன்னாயாம். பிரௌசிங் சென்டருக்குப் போய் உன் பெயரில் நுழைந்தேன். கொல்லைப்பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தேன்.

அலமாரி நிறைய மீன். வறுத்தது, குழம்பு வைத்தது, இலையில் சுட்டது. ஒவ்வொன்றின் கீழும் 'சமைத்தவர்: வெண்டக்கா' என்று இருந்தது. மூலையில் ஒரு கூடை நிறையக் கருகிய மீன்கள், பழகும்போது கருகியவை. அடுப்பை எனக்கு விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பாய் என்று நினைத்தேனே, நீயே தொட்டுச் சமைத்திருக்கிறாய். மேசைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டிருந்தாய். எனக்கு மட்டும் என்றால் ஒரு நாற்காலி போதும்.

அதில் ஒன்றையாவது சாப்பிட்டுவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் உன் பெயரில் அல்லவா நுழைந்திருந்தேன். மேசையில் உட்கார்ந்தால் மீன் தின்பது நீ. அதற்கு மனம் வரவில்லை. இன்னொரு கேபினில் என் ஆளையும் கொண்டுவரலாம் என்று தோன்றியது. உன் நாற்காலியில் நானே உன்னை நகர்த்தி உட்கார வைப்பதை நினைத்ததும் எழுந்துவிட்டேன்.

தனி வாசல் வைத்தது சரியா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லைதான். அது பழக்கமா பிரியமா என்று உன்னிடமே கேட்டிருக்க வேண்டும். இரண்டும்தான் என்று சொல்லியிருப்பாய் போல. உனக்கு எட்டிய தூரம் அவ்வளவு, அதற்கே ஒரு மாதம் மரம் சுமந்தாய். பிறகு உடம்பு விழுந்த நேரத்தில் மாமியாரோடு மல்லுக்கட்டி நிஜ வீட்டிலேயே எனக்கு முன்வாசலைத் திறந்துவிட்டாய். நான்தான் அப்பாவின் உள்ளங்கையையே நினைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றுவிட்டேன். உன்னைத் தண்டித்துவிட்டதாக ஒரு திருப்தி இருந்தது எனக்கு. கொஞ்ச நேரத்துக்குத்தான் என்றாலும் இருந்தது.

இப்போதெல்லாம் யார் வீட்டில் சாப்பிடச் சொன்னாலும் உட்கார்ந்துவிடுகிறேன். வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு வாய் வாங்கிக்கொள்கிறேன். "கூப்பிட்டா உடனே உக்காந்திருவா" என்று எங்கள் சொந்தத்தில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இந்த மழையில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலை ஐந்து மணிக்குக் குடித்த கட்டஞ்சாயாவுக்குப் பிறகு நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உன் வீட்டுப் படியிறங்கி நேரே கிழக்கேகோட்டைக்கு நடந்தேன். ஒரு தட்டுக்கடையில் நின்றபடியே ஆறு தோசை தின்றேன். அவ்வளவு பசி எனக்கு.