இசக்கியம்மாள் எழுதிய பக்கம்

டீச்சர்,

இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலச் செயல்திட்டம் தொடங்கலாம் என்று இன்று காலை கணினி அறையில் பழைய கோப்பைத் திறந்தேன். போன ஆண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக இணையத்தில் சேர்ந்து எழுதினார்களே, ஆற்றைப் பற்றி, அதுதான். இசக்கியம்மாளின் பக்கத்து ஓரத்தில் உங்கள் குறிப்பு நின்றது: ‘சார், முடிவு பண்ணுறதுக்கு முந்தி அவகிட்ட ஒரு தடவை கேளுங்க.’ நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அந்தக் குறிப்புக்கு நான் பதில் எழுதவே இல்லை.

அந்தக் கோப்பு உங்கள் யோசனை. “நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராம இல்ல சார், அவங்க எழுதினத வாசிக்கத்தான் ஆள் இல்ல” என்பீர்கள். ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி திருத்துவதைப் பார்த்து நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வேறொன்றைப் பார்த்தேன். யார் எந்த நேரத்தில் எவ்வளவு தட்டினார்கள் என்று அந்தக் கோப்பு காட்டும். அது எனக்குப் பிடித்திருந்தது.

வகுப்பில் வாயே திறக்காத இசக்கியம்மாள், நாற்று நடும் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். கால்வாயில் தண்ணீர் வராத வருடத்தில் அம்மாவின் கால்கள் சுத்தமாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. முழுப் பக்கமும் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்திருந்தது. ஏ.ஐ. செயலி எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். உங்களிடம் அதைச் சொன்னபோதுதான் ஓரத்தில் அந்தக் குறிப்பை எழுதினீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி, “இது உன் மூளையா, மிஷின் மூளையா?” என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

நோன்பு வைத்துக்கொண்டே நீங்கள் சேரன்மகாதேவி பஸ் ஏறி, அங்கிருந்து வெயிலில் நடந்து அவள் வீட்டுக்குப் போனீர்கள். திரும்பி வந்து என் மேசையில் ஒரு நோட்டை வைத்தீர்கள். அடித்தும் திருத்தியும் நாலு தடவை எழுதிய அதே பக்கம்.

“அவ வீட்டுல போன் கிடையாது சார். பக்கத்து வீட்டு அக்கா போனை அரை மணி நேரம் வாங்கி, அதுல தட்டி வச்சு, மொத்தமா ஏத்தியிருக்கா. அழுதுட்டே நிக்கா. ‘சார் ஒரு வார்த்தை சொன்னா வாறேன் டீச்சர்’னு சொல்லுதா. நீங்க ஒரு எட்டு போய்ட்டு வாங்க.”

திங்கட்கிழமை போகிறேன் என்றேன். திங்கட்கிழமை வந்ததும் தேர்வுப் பணி என்றேன். உண்மையில் ஒரு மாணவியின் வாசலில் போய் நின்று தப்பு என்று சொல்ல எனக்குக் கூச்சம். நீங்கள் இன்னும் இரண்டு முறை கேட்டீர்கள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். என்னோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டீர்கள். அவள் ஆண்டுத் தேர்வு எழுதவில்லை. கோடை விடுமுறையில், நெஞ்சுவலி என்று உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களை அடக்கம் செய்த மறுநாள் நான் அந்த ஊருக்குப் போனேன். அவள் டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்றார் அவள் அம்மா. கடைக்குப் போனேன். சேலைகளை மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து நின்றாள்.

“நீ எழுதினதுதாம்மா அது. தப்பு என் மேலதான்” என்றேன்.

“சரி சார்” என்றாள். பிறகு, “டீச்சர் சொல்லித்தான் வந்தீங்களா?” என்று கேட்டாள்.

நீங்கள் இறந்த செய்தி அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொன்னேன். கையிலிருந்த சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுபடி பள்ளிக்கு வா என்று கூப்பிட்டேன். “அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுதேன் சார்” என்றாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை நன்றாக எழுதியிருந்தாலும், பக்கத்தில் உட்காரவைத்து, எப்படி எழுதினாய் என்று கேட்கிறேன். ஆனால் டீச்சர், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சந்தேகம்தான் இன்னும் முதலில் வருகிறது.