கச்சிமுகம்மது மாமா யாருடைய தம்பி

கல்முனைக்குடி
5.3.57

தம்பி ஜவுபருக்கு உம்மாவின் சலாமும் முத்தமும். இங்கே உம்மா, நான், றாபியா ராத்தா, ராத்தாவின் மகன் எல்லோரும் அல்லாஹ்வின் காவலில் குறையில்லாமல் இருக்கிறோம். லண்டன் குளிரில் உனக்கு நெஞ்சில் சளி கட்டாமல் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று உம்மா ஐந்து நேரமும் கேட்கிறா. வழமைபோல உம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சலாம், துஆ, என்ன சாப்பிடுகிறாய் என்ற விசாரணை எல்லாம் உம்மாவுடையவை, ஏச்சு என்னுடையது, பிரித்து எடுத்துக்கொள். இதை வாசித்த கையோடு நீ பதில் எழுத வேண்டும். மருதமுனையில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது. பேராசிரியரைக் கேட்டு, புத்தகம் புரட்டி, ஆறு மாதம் கழித்து எழுதுகிற உன் வழக்கத்தை இந்த ஒருமுறை விட்டுவிடு.

இரண்டு வருஷத்துக்கு முதல், பரம்பரையாக வரும் இரத்த நோய்களைப் படிக்கிறேன், எங்கட குடும்பத்தைப் படமாகக் கீறி அனுப்பு என்று கேட்டாய். நீர்ப்பாசனக் கந்தோரில் வாய்க்காலுக்கும் மதகுக்கும் படம் கீறுகிறவனுக்கு இது பெரிய வேலையா, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயாளிக்கு உள்ளே கறுப்பு மை. உம்மாவுடன் கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன், உம்மா கச்சிமுகம்மது மாமாவைச் சொன்னா. எட்டு வயதில் சுன்னத்து வைத்து, இரத்தம் நிற்காமல் மூன்றாம் நாள் மௌத்தான அந்த மாமாவுக்கு ஒரு கறுப்புச் சதுரம் போட்டு அனுப்பினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, இது தாய்மாரை ஒன்றும் செய்யாமல் தாய்மார் வழியாக இறங்கி ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிற நோய் என்று ஐந்து பக்கம் எழுதினாய். குடி, அதாவது வம்சப் பெயர், தாய் வழியில் வரும் என்பது இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும், அதைப் படிக்கத்தான் நீ கப்பலேறிப் போயிருக்கிறாய். ராத்தாவின் மகனுக்குச் சுன்னத்து வைக்காதீர்கள், நான் வந்து இரத்தம் சோதிக்கிறேன் என்று உத்தரவும் போட்டாய். அப்படியென்றால் நீயும் நானும் எப்படி உயிரோடு இருக்கிறோம் என்று கேட்டதற்கு, ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதிதான் ஆபத்து, எங்களுக்கு நல்ல பக்கம் விழுந்திருக்கிறது என்றாய். காசு சுண்டிப் பார்க்க இவ்வளவு படிப்பு வேண்டுமென்று எனக்கு அதுவரை தெரியாது. நீ வரவுமில்லை, சோதிக்கவுமில்லை. பிள்ளைக்கு இப்போது பத்து வயது, ஓதப் போகிற இடத்தில் மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள். ராத்தாவின் புருஷன் வீட்டார் இந்தக் குடியில் இரத்தம் நிற்காதாம் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள். நீயோ அந்தப் படத்தைப் பெரிய டொக்டர்மாருக்கு முன்னால் சுவரில் தொங்கவிட்டுப் பேசினேன், எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். கைதட்டினவர்களுக்கு என் சலாமைச் சொல், படம் பிழை.

எப்படியென்று கேள். போன வெள்ளிக்கிழமை மருதமுனை சுல்பிகா மாமி வெற்றிலை கொண்டு வந்தா. நாலு பெண்பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை சுன்னத்து, நோன்புக்கு முதல் முடித்துவிட வேண்டும், எல்லோரும் வாங்க என்று சொல்லிவிட்டுப் போனா. அவ போனபிறகு உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கச்சிமுகம்மது இருந்தா அவன்ட ராத்தாட மகன்ட காரியத்துக்கு முன்னுக்கு நிண்டிருப்பான் என்றா. மாமாவுக்கு ராத்தா என்றால் உங்களுக்கும் கூடப்பிறந்ததுதானே, அவவை ஏன் நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடாமல் மாமி என்கிறோம் என்று கேட்டேன். அவன எங்கட உம்மா பெறல்ல மனே, பால்தான் குடுத்த, பெத்தவ அவனப் பெத்த அண்டைக்கே மௌத்தாகிட்டா, சுல்பிகாவ அவட சாச்சி, பெத்தவட தங்கச்சி, மருதமுனைக்குக் கூட்டிப் போய் வளத்த, கைக்குழந்தை பக்கத்து வளவில எங்கட உம்மாட மடிக்கு வந்த என்று, அரிசி கொழித்தபடியே சொல்கிறா. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கத்தினேன். நீ கூடப்பிறந்தது ஆரெண்டுதான் கேட்ட, என்ட உம்மாட பால் குடிச்சவன் எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாம வேற ஆரு, அவனுக்கு என்னக் கலியாணம் முடிச்சுக் குடுக்க ஏலுமா எண்டு எந்த ஆலிமிட்டயும் போய்க் கேளு என்றா. மார்க்கப்படி உம்மா சொன்னது சரி, ஒரே தாயின் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள்தான், கலியாணம் கூடாது. நோய்க்கு அந்தச் சட்டம் தெரியாது, பாலில் அது வராது என்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. படித்த இரண்டு பேர், படம் கீறினவன் ஒருவன், படம் பார்த்தவன் ஒருவன், பெற்றவ யார் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கட வீட்டில் இல்லாத நோய்க்கு இரண்டு வருஷம் காவல் இருந்தோம். அது இருக்கக்கூடிய வீட்டில் பந்தல் போட்டு, சுன்னத்து வெட்டுகிற ஒஸ்தாவுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

அன்று பின்னேரமே மருதமுனைக்குச் சைக்கிளை மிதித்துப் போய், படத்தை மாமி வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் விரித்து, வெட்டினால் மகன் செத்துப்போவான் என்றேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், நீ அங்கிருந்தே சிரி. சுல்பிகா மாமியின் புருஷன் இப்றாஹிம் தறியை விட்டு எழும்பி, உங்கட வீட்டுப் புள்ளைய வெட்டாம ஒளிச்சு வெச்சிட்டு அந்தப் பழிய என்ட வாசல்ல இறக்க வந்தியா என்று கேட்டார். நான் அவருடைய இடத்தில் இருந்தால் நெசவுப் பலகையாலேயே அடித்திருப்பேன். மாமி மகனைக் கூப்பிட்டு அவனுடைய சாரனை உயர்த்திக் காட்டினா, முழங்கால் வீங்கி நீலம் பாரித்துக் கிடக்கிறது, விழுந்து ஒன்பது நாளாம். பல் விழுந்தபோது இரண்டு நாள் தலையணை நனைந்ததாம். அப்போதும் இப்றாஹிம் இறங்கவில்லை. சனிக்கிழமை உம்மா மாட்டுவண்டியில் போய், கச்சிமுகம்மது தன் மடியில் கிடந்த மூன்று நாளையும் அவருக்குச் சொன்னா. சீலை எரித்த கரி வைத்தது, நாட்டு மருந்துப் பொடி வைத்தது, பிள்ளை தண்ணி தண்ணி என்று கேட்டது, ஒஸ்தாட கத்தியில நஞ்செண்டு ஊரே அந்த மனிசன ஏசினது எல்லாவற்றையும். அதற்குப் பிறகுதான் அவர் ஒஸ்தாவுக்கு வர வேண்டாமென்று ஆள் அனுப்பினார். ஆனாலும், வாய்க்கால் கீறுறவன்ட சொல்லுக்கு என்ட மகன ஊருக்குள்ள அப்படி விட ஏலா, டொக்டரே கையெழுத்து வெச்சு எழுதட்டும், நோன்புக்கு மூணு நாளைக்கு முதல் வரைக்கும் பாப்பன், மறுகா வெட்டத்தான் போறன் என்று சொல்லியிருக்கிறார். எண்ணிப் பார், இருபது நாள் சொச்சம்.

ஆகவே நீ இப்றாஹிமின் பெயருக்கே எழுது. தமிழில் எழுது, சதுரமும் வட்டமும் வேண்டாம், உன் பட்டங்களை மட்டும் முழுதாகப் போடு, அவை உதவுகிற நேரம் இதுதான். கொழும்பில் யாரிடம் இரத்தம் காட்டுவது என்று ஆளின் பெயரும் இடமும் எழுது, மட்டக்களப்பில் ரயில் கோச்சி ஏற்றி நானே கூட்டிப் போகிறேன். பிள்ளை விழுந்து அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் எழுது, அதைத்தான் மாமி என்னிடம் கேட்டா. உம்மா சொல்கிறா, படத்தைத் திருத்தினாலும் என்ட தம்பிய என்ட பக்கத்தில இருந்து எடுக்கப்படாது என்று. சுல்பிகா மாமிக்குத் தம்பியாக ஒரு கோடும், உம்மாவிடமிருந்து புள்ளிக் கோடு ஒன்றும் போட்டிருக்கிறேன், உன் பேராசிரியருக்கு விளங்காவிட்டால் நீ விளக்கு.

ராத்தாவின் மகனுக்கு இனிப் பயமில்லைதானே, இந்தக் கிழமையே வைத்துவிடலாம் என்று ராத்தா சந்தோஷத்தில் அரிசி இடிக்க ஊறப் போட்டா. உம்மா அதை வடித்துவிட்டா. சுல்பிகாட மகனுக்கு ஒரு வழி தெரியாம இந்த வீட்டுல பந்தல் எழும்பாது, ரெண்டு புள்ளைக்கும் ஒரே கடுதாசி வரட்டும் என்றா. அல்லாஹ் உன் கைக்குப் பறக்கத்தையும் உன் அறிவுக்குத் தெளிவையும் தரட்டும் என்று உம்மா துஆச் செய்கிறா. நான் தினமும் கந்தோருக்குப் போகிற வழியில் தபால் கந்தோரில் இறங்கிக் கேட்கிறேன்.

உன் உம்மா ஹாஜறா
சொன்னபடி எழுதியது உன் மூத்தவன், காக்கா றஊப்