ஓர் ஆள் இடம்

அனுஜா அப்பாவுக்கு,

உங்கள் கப்பலில் வேலை பார்க்கிற கிளைட்டனிடம் கொடுத்துவிட்ட புதுக் கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. இந்த வருடமும் லீவு இல்லை என்ற சீட்டும் அதனோடு இருந்தது. வீட்டில் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அனுப்பியிருக்கிறேன்.

முருங்கை பூத்திருக்கிறது. உப்பு அம்பாரம் உச்சி வெயிலில் எடுத்ததால் வெறும் வெள்ளையாக விழுந்துவிட்டது. துறைமுகத்துப் படத்தில் நிற்பது எந்தக் கப்பல் என்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியலாம். சைக்கிளில் இருப்பது அனுஜாதான்.

கடைசிப் படத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். குடும்பமாக நின்று படம் எடுத்தால் மாமி எப்போதும் தனக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விடச் சொல்வார்கள். ஸ்டூடியோ அண்ணாச்சி பிறகு உங்களை அதில் ஒட்டித் தருவார். அனுஜா முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படத்தில் அப்படித்தான் நிற்கிறீர்கள். கால் தரையில் படவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் வழக்கம்போல் தள்ளி நின்றேன்.

"ஏளா, நெருங்கி நில்லு" என்றார்கள் மாமி.

"அவுகளுக்கு எடம் விட வேண்டாமா மாமி?"

"வாரப்போ வந்து நிக்கட்டும்."

என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அனுஜாவும் வந்து ஒட்டிக்கொண்டாள். படம் நன்றாக விழுந்திருக்கிறது.

பிரிண்ட் போடும்போது அண்ணாச்சி, "தம்பிய எங்கன ஒட்ட?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பெரிதாக்கி ஹாலில் மாட்டியாயிற்று. உங்களுக்கும் ஒரு பிரதி இதனுடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நடுவில் நிற்பவள்