மாட்டின் பின்பாதி

1992 நவம்பர் 9

பழக்கடையில் மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டேன். சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்றதும் முதலாளியம்மா, "என்ன வேஷம்? கதாநாயகனுக்கு அப்பாவா?" என்றாள்.

"மாடு."

"முழு மாடா?"

"பின்பாதி."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

நவம்பர் 12

பட பூஜை. படையலுக்கு முழுசாகச் சுட்ட பன்றி, ஊதுவத்தி, கேமரா மேல் சிவப்புத் துணி. வத்தியை நட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரே யுங்-கெய் அண்ணன்! மாட்டின் முன்பாதி அவர்தானாம்.

உயரக் கம்பங்களின் மேல் ஒரே சிங்க வேஷத்துக்குள் இருவர் ஆடும் சிங்க ஆட்டத்தில் பன்னிரண்டு வருடம் அவர் தலை, நான் வால். தாவும் முன் என் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவார்; நான் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்குவேன். மூன்று வருடத்துக்கு முன் போட்டியன்று அந்தத் தட்டு எனக்குத் தெரியவே இல்லை. கவனம் எங்கே போனதோ. பட்டை நழுவியது, கம்பத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போய் வாசலோடு திரும்பிவிட்டேன். அதோடு பேச்சும் நின்றது.

நவம்பர் 13

மாட்டு வேஷத்துக்குள்ளே ஒரே புழுக்கம். "வலது", "இடது", "நில்." அண்ணன் பேசியது மூன்றே வார்த்தை.

நவம்பர் 17

இயக்குநர் மோக் அம்மா மாட்டின் வாய்க்குள் குனிந்து, "உள்ள என்ன வேணா பேசிக்கங்கப்பா. இங்க சத்தமே பதிவாகாது. குரலெல்லாம் பின்னாடி வேற ஆள் குடுப்பாங்க" என்றாள். கதாநாயகிக்கு வசனம் மனப்பாடம் இல்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுகிறாள். பதினேழில் கண்ணீர் விட்டாள், பிரமாதம்.

அண்ணன் இன்று நாலாவதாக ஒன்று பேசினார். "காலையில பூண்டா தின்னே?"

"ஆமாண்ணே."

"முதுகெல்லாம் நாறுது."

சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 24

கதையில் மாட்டுக்காரனையும் தேவலோகத்து நெசவுக்காரியையும் வானத்து ஆறு பிரித்துவிடும். வருடத்தில் ஒரு நாள் பறவைகள் பாலம் கட்டும், அன்று மட்டும் சந்திப்பார்கள். "புத்தாண்டுப் படத்துல பிரிவா? எவன் பார்ப்பான்?" என்று தயாரிப்பாளர் கத்தியிருக்கிறார். அதனால் பறவைகள் வேலைநிறுத்தம், மாடே ஆற்றைத் தாண்டும்!

ஸ்டண்ட் ஆட்களை வைக்கட்டுமா என்று மோக் அம்மா கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன், "நாங்களே பண்றோம்" என்றார். நாங்களே—என்னைக் கேட்டாரா? மழை பெய்தால் இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். எனக்குப் பயமா இருக்கு. மறுபடி விட்டுட்டேன்னா?

நவம்பர் 26

தாண்டினோம். நான் விடவில்லை.

தாவும் முன் அண்ணன் உள்ளே ஏதோ சொன்னார். இன்று எழுத முடியாது.

1993 ஜனவரி 24

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். அண்ணனே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். தியேட்டரில் நிற்கவும் இடமில்லை.

கடைசியில் மாடு ஆற்றங்கரையில் வந்து நின்றது. யாரோ ஒருவரின் கரகரத்த குரலில், "எசமான், குதிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாய் வைக்கோல் குடுங்க, வெறும் வயித்துல சாக மாட்டேன்!" என்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

என் காதில் வேறு குரல் கேட்டது. அன்று அந்த இருட்டுக்குள், முகம் காட்டாமல் அண்ணன் சொன்னது: "லுன், அன்னிக்கு நான் தட்டலைடா. செயிக்கற அவசரத்துல தட்டாமலே தாவிட்டேன். உன் மேல தப்பே இல்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு, மூணு வருஷம் ஓடிப்போச்சு. இப்பத் தட்டறேன் பாரு." ஒன்று. இரண்டு.

திரையில் மாடு தாவியது. சுற்றிலும் சிரிப்பு, நான் மட்டும் அழுதுகொண்டிருந்தேன். அண்ணன் திரையையே பார்த்தபடி கொறிக்க வைத்திருந்த வறுத்த தர்ப்பூசணி விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

பிறகு நூடுல்ஸ் கடை. பூண்டுக் கிண்ணத்தை இழுத்தேன். அவர் பிடுங்கித் தள்ளி வைத்தார்.

"வேணாம்டா. நாளைக்குச் சிங்கத்துக்குள்ள உனக்கு முன்னாடி நான்தான் நிக்கணும்."