பெட்டிக்கு இருமல் வராது

பிப்ரவரி 4

நான் வழிபாட்டுக்கு அமருமுன்பே என்னைச் சுற்றி நான் பேசத் தொடங்கிவிடுகிறேன். இடப்பக்கச் சுவருக்குள் ஒரு நான், வலப்பக்கச் சுவருக்குள் ஒரு நான், தரைக்குக் கீழே தையல்காரம்மா வீட்டில் ஒரு நான். மூவரும் ஒரே வசனத்துக்கு ஒரே பொருளைத்தான் சொல்கிறோம். ஆனால் ஒரு மூச்சு முன்பின்னாக. இந்த இரைச்சலில் இறைவனிடம் நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோகிறது.

எல்லாம் அந்த அருட்பெட்டி. உள்ளங்கையளவு, பொத்தானைத் தொட்டால் நிலையம் அன்றன்று அனுப்பும் என் மறைவிளக்கம். மகன் வேலை பார்க்கும் தொலைக்காட்சி நிலையம்தான் அதை விற்கிறது. இறைவனைத் தேடி முன்னோர் காடேகினர். இப்போது மின்னேற்றி வைத்தால் போதும், அவனே கூடத்துக்கு வந்துவிடுகிறான்.

சென்ற ஆண்டு பஞ்சு ஒட்டிய அறையில் என்னை உட்கார வைத்து, மறைநூல் போதாதென்று அகராதி, செய்தித்தாள், மருந்துச் சீட்டு வரை வாசிக்கச் சொன்னார்கள். எதற்கென்று கேட்டேன். “குரல் பதப்படணும்மா” என்றார் ஒலிப்பதிவாளர். நல்ல மனிதர். நான் இருமும்போதெல்லாம் பொறுமையாகக் காத்திருந்து, இருமலை மட்டும் துணியோரம் கத்தரிப்பதுபோல வெட்டி எடுத்துவிடுவார். ஆகவே பெட்டிக்குள் இருக்கும் நான் இருமுவதில்லை. கொடுத்து வைத்தவள்.

பிப்ரவரி 9

நிலையத்தின் முதலாளி தேர்தலில் நிற்கிறார். இன்று வழிபாட்டு மன்றத்துக்கு வந்து, கண்மூடி, மனமுருகி நின்றார். பிறகு மீண்டும் ஒருமுறை வாசலுக்குப் போய், உள்ளே வந்து, மனமுருகி நின்றார். முதல்முறை படமெடுக்க வெளிச்சம் போதவில்லையாம். எந்த உருக்கம் மேலே கணக்கில் ஏறியதோ, அறியேன்.

பிப்ரவரி 11

தொலைக்காட்சியில் விவாதம். திரையில் ஆறு கட்டங்களுக்குள் ஆறு தலைகள். காதிருந்தும் கேளாதார் என்று மறை பழித்தது இவர்களைத்தான் என்று இப்போது ஐயமறத் தெளிந்தேன்.

பிப்ரவரி 15

முதலாளி வீட்டுக்கே வந்தார். வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இது நிலையம் மகனுக்குக் கொடுத்திருக்கும் குடியிருப்பு. அவர் உட்கார்ந்த நாற்காலியும் அவருடையதே.

“தாயே, ஒரே ஒரு வரி. ‘நல்லவன் ஆளும் காலம் வரும்னு மறை சொல்லுது, அந்த நல்லவர் நம்ம நடுவுலயே இருக்கார்.’ அவ்வளவுதான். என் பேரைக்கூடச் சொல்ல வேணாம்.”

“மறையில் முதல் பாதிதான் இருக்கிறது” என்றேன்.

“ரெண்டாவது பாதிக்குத்தானே தாயே உங்ககிட்ட வந்திருக்கோம்” என்று சிரித்தார்.

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பள்ளியில் தலைமையாசிரியர் முன் நின்ற அதே நிலை. தலையில் நரை மட்டும் கூடுதல். யோசித்துச் சொல்வதாக நான் சொன்னதும் அவன் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. முடியாது என்றால் அவன் வேலை போகும், கூரையும் போகும். முடியும் என்றால்? இத்தனை ஆண்டு இறைவனின் சொல்லை எடுத்தாண்ட நாவை எந்த நீரால் கழுவுவது?

பிப்ரவரி 16

வழி கிடைத்தது. தேர்தல் முடிவு வரும்வரை மௌன நோன்பு. மன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் இறைவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். சைகையும் கடிதமும்கூடப் பேச்சின் பிள்ளைகளே என்பர் பெரியோர், அவற்றையும் துறந்தேன். இந்த ஏட்டில் எனக்கு நானே எழுதுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. எதையும் முழுதாகச் செய்வதில் எனக்கு எப்போதும் ஒரு கர்வம்.

நோன்பிருப்பவளை வற்புறுத்த எந்தப் பக்திமானுக்குத் துணிவு வரும்? மகனுக்கும் பழியில்லை, எனக்கும் பொய்யில்லை. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 18

முதலாளி துளியும் கோபிக்கவில்லை. “உங்க மௌனத்துக்குத் தலை வணங்குறேன் தாயே” என்றாராம். செய்தியிலும் சொன்னார்கள். இவ்வளவு எளிதாகவா?

பிப்ரவரி 24

மகன் கட்டிவிட்ட கைக்கடிகாரம் இன்று என்னைப் பாராட்டியது. ‘இந்த வாரம் மிக அமைதியாக இருந்தீர்கள்’ என்று எழுத்து ஒளிர்ந்தது. பிறகு எழுந்து நடக்கச் சொன்னது. நடந்தேன். இந்த வீட்டில் யார் சொன்னாலும் கேட்கும் ஒரே ஆள் நான்தான்.

மார்ச் 2

இறைவா.

இன்று விடியலில் மூன்று பக்கங்களிலிருந்தும் என் குரல்: “அன்பர்களே, நான் மௌன நோன்பில் இருக்கிறேன். நோன்புக்கு முன்பே உங்களுக்காக இதைச் சொல்லி வைத்தேன். நல்லவன் ஆளும் காலம் வரும் என்று மறை சொல்கிறது…”

இரண்டாவது பாதியும் வந்தது. என் நிறுத்தங்கள், என் இழுவை, ‘அன்பர்களே’ என்பதில் நான் வைக்கும் அந்தச் சிறு தாழ்வு. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே ஒரு கணம் ஐயம் — சொல்லியிருப்பேனோ?

மார்ச் 3

மகன் முன்னால் போய் நின்றேன். கேட்க வாயில்லை. பார்த்தேன். அவ்வளவுதான்.

“அப்படிப் பார்க்காதீங்கம்மா. சொல்லெல்லாம் நீங்க பேசினதுதானே. வரிசை மட்டும்தான் எங்களோடது.”

அகராதியும் மருந்துச் சீட்டும் எதற்கென்று இப்போது புரிந்தது.

மருமகள் தட்டைக் கழுவிக்கொண்டே, “நீங்க வாயை மூடினதுதான் அத்தை அவங்களுக்கு வசதியாப் போச்சு. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீங்க” என்றாள். மறுப்பதற்கும் நோன்பு இடம் தரவில்லை. மறுக்கவும் ஒன்றுமில்லை. யானை தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ளும். அதற்காவது தும்பிக்கை உண்டு.

மார்ச் 6

ஊமை கண்ட கனவை இன்னொருவர் ஊரெங்கும் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குப் பழமொழி உண்டா? இனித்தான் செய்யவேண்டும்.

மார்ச் 10

நோன்பு முறிந்தது. நானே முறித்தேன்.

என் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுக்கத் தையல்காரம்மா மேலே வந்தார். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசும் வழக்கம் அவருக்கு.

“எங்க கடை வரிசையை இடிச்சிட்டுக் கோபுரம் கட்டப்போறதே அந்த மனுஷன்தான். அவருக்கு ஓட்டுப் போடக் கூடாதுன்னுதான் இருந்தேம்மா. ஆனா நீங்களே சொல்லிட்டீங்க. உங்க சொல்லுக்கு மேல எனக்கு என்ன இருக்கு? கடை போனாப் போகுது. தையல் மெஷினை வீட்டுலயே போட்டுக்குவேன்.”

குறையாக அவர் இதைச் சொல்லவில்லை. காணிக்கையாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

இறைவனுக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம். அவன் பெயரால் இவள் கழுத்தில் விழும் கத்தரி ஒருபுறம். பொய்க்குக் காவலாக நிற்கும் நோன்பு நோன்புதானா? ஒரு நூலைக்கூட நான் நினைவுகூரவில்லை. வாய் திறந்துவிட்டது.

“அது நான் சொல்லலைம்மா. ஒரு வார்த்தைகூட நான் சொல்லலை.”

பேச்சா அது? துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்த ஓசை. தையல்காரம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“பெட்டில வர்ற குரல் மாதிரி இல்லையேம்மா இது.”

என் குரலுக்குச் சான்று கேட்கிறார்கள். சான்று என் எதிரியிடம் இருக்கிறது. பதில் சொல்லப் போனேன், இருமல் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் இருமினேன். அவர் முகம் மெல்ல மாறியது.

“இது உங்களுது. இந்த இருமலைக் கேட்காம நான் ஒருநாளும் கண் முழிச்சதில்லை, மேல்தளத்துல நீங்க எழுந்துட்டீங்கன்னு அதை வச்சுத்தான் தெரியும்.” பிறகு யோசித்து, “பெட்டில நீங்க இருமினதே இல்லையே?” என்றார்.

“வெட்டி எடுத்திருவாங்க.”

“அடப் பாவிங்களா” என்று ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டார்.

மார்ச் 12

படிக்கட்டெல்லாம் ஒரே பேச்சு. ‘இருமினா அம்மா, இருமலைன்னா பெட்டி.’ தையல்காரம்மாவின் ஆக்கம். யாப்பில் குறையொன்றும் காணேன். மாலையில் எதிர்வீட்டார் பெட்டியை ஒரு கையில் பிடித்தபடி வந்து, “அம்மா, ஒரு தடவை இருமிக் காட்டுங்க” என்று பணிவோடு கேட்டார். அறுபது ஆண்டுக் கல்வி இருமலில் வந்து முடிந்திருக்கிறது. இருமிக் காட்டினேன். உண்மை எந்த உருவில் வந்தாலும் வணக்கத்துக்குரியது.

இறைவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் மௌனம் என் மௌனத்தைவிட நீண்டது. ஆனால் அதில் கோபம் தெரியவில்லை.

மார்ச் 13

மகன் உண்ணும் இடத்தில், தட்டைப் பார்த்தபடி: “ஏம்மா இப்படிப் பண்ணீங்க? நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

“நாலு நாள்ல தையல்காரம்மா ஓட்டுப் போட்டு முடிச்சிருப்பாங்களே.”

“ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா. ஜனங்க எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு.”

“நீ என்ன சொன்னே?” என்று மருமகள் கேட்டாள்.

அவன் தண்ணீர் குடித்தான். நிறைய நேரம் குடித்தான்.

மார்ச் 15

நாளை வாக்குப்பதிவு. தையல்காரம்மா கொக்கி வைத்த ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். “எங்க வரிசையில எல்லாருக்கும் சொல்லிட்டேன்மா” என்றார். பெட்டி இரண்டு நாளாகப் பழைய விளக்கங்களையே சொல்கிறது. அடங்கிவிட்டார்கள் போலும்.

மார்ச் 16

விடியல். வழிபாட்டுக்கு அமர்ந்தேன். மூன்று பக்கங்களிலும் நான் தொடங்கினேன்.

“அன்பர்களே, என் குரலைப் பற்றிச் சிலர் பொய் பரப்புகிறார்கள்.” ஓர் இடைவெளி. பிறகு இருமல்.

என் இருமல்தான். முதலில் வறண்டு, நடுவில் உடைந்து, முடிவில் ஒரு சிறு விசில். எந்தெந்த நாள்களில் வெட்டியெடுத்தவையோ. ஒலிப்பதிவாளர் எதையும் வீணாக்குகிறவரல்லர். இருமிவிட்டு, மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்வதுபோலவே சொல்லி, நல்லவன் ஆளும் காலத்துக்கு வந்தது.

மகன் அறைக்கதவு சாத்தியிருந்தது. மருமகள் அதன் முன்னால் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டிலிருந்து தையல்காரம்மா குரல் கொடுத்தார். வாக்களிக்கக் கிளம்பிவிட்டார், செருப்பின் ஓசை கேட்டது.

“அம்மா, இப்ப இருமினது நீங்களா, அதுவா?”

பதில் சொல்ல எழுந்து கதவைத் திறந்தேன். வாயையும் திறந்தேன்.

இருமல்தான் வந்தது.