மீசைக்குப் பின்னால் ஒரு கம்பி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், வீடும் போட்டோ ஸ்டூடியோவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பாவின் சுகத்தைப் பற்றி மட்டும் நீதான் எனக்கு எழுத வேண்டும், அது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். ஸ்டூடியோவின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு போனில் பேசுகிறார், நான் டீயோடு போய் நின்றதும் பேச்சை மழைக்குத் திருப்பிவிடுகிறார். நாலு மாதமாக இங்கே மழையே கிடையாது.

முதலில் மீசை. கல்யாணமான நாளிலிருந்து மழமழவென்று இருந்த முகத்தில் உதட்டை மூடுகிற அளவுக்கு மீசை வந்தது. பிறகு ஆப்பிளைக் கடிக்காமல் சீவிச் சீவிச் சாப்பிட்டார், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பல் தேய்க்கப் போனார். அறுபதை எட்டப்போகிற மனுஷர் மத்தியானத்தில் யாருக்காகப் பல் தேய்ப்பார், நீயே சொல். மாதம் ஒருமுறை வியாழக்கிழமை, லென்ஸை ரிப்பேருக்குக் காட்டிட்டு வரேன் என்று கிளம்புவார், லென்ஸ் அலமாரியிலேயே இருக்கும். சட்டைப் பையைத் துழாவினால் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரியே நகத்தளவில் ஒன்று, கூடவே ஒரு டப்பாவில் வெள்ளை மெழுகு. யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு நாள் நினைப்பேன், சொல்லக்கூடாத வியாதி என்று மறுநாள் நினைப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாயைப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். அவர் பல்லை நான் என்றைக்குப் பார்த்தேன்.

போன வியாழன் பின்னாலேயே போனேன். பல் டாக்டர் கிளினிக்கில், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறங்க என்றேன். மேலும் கீழும் கம்பி. எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் பக்கத்துத் தையல்கடைக்காரி ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள், கம்பி எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான், வயதானவர்களுக்குப் போட்டால் பல் மொத்தமும் ஆட்டம் கண்டு கொட்டிவிடும், இடி மின்னலில் வெளியே தலைகாட்டக் கூடாது என்று. அந்த டாக்டரம்மாவை விடவில்லை, எல்லாவற்றையும் கேட்டேன். வயசு ஒரு தடையே இல்லம்மா, ஈறும் எலும்பும் நல்லா இருந்தா போதும், நகரும்போது பல் கொஞ்சம் ஆடும், அப்புறம் பிடிச்சுக்கும் என்றார். மின்னலுக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லையாம். அந்தக் குட்டி பிரஷ் கம்பி இடுக்கைத் தேய்க்கவாம், மெழுகு, கம்பி கன்னத்தில் உரசாமல் இருக்க ஒட்டுவதாம். வெறும் அழகுக்கும் இல்லையாம், கீழ்ப்பல் மேல் ஈறில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பி போடுகிறவர் வேறு எப்படிச் சொல்வார் என்று எனக்குள் ஓடியது. சரி, கழற்றிவிட்டால் எல்லாம் முடிந்ததா என்று மடக்கினேன். எங்கம்மா முடியுது, அப்புறமும் ராத்திரியில பல்லைப் பிடிச்சு வைக்கிற க்ளிப் மாட்டணும், இல்லைன்னா பல்லு பழைய இடத்துக்கே கிளம்பிடும் என்றார். தன் வைத்தியத்தின் குறையைத் தானே சொன்னதால் பாதி நம்பினேன்.

வரும் வழியில் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். நீ சிரிப்பேன்னு நினைச்சேன் என்றார். வர்றவங்களை எல்லாம் சிரிங்கன்னு சொல்றேன், எனக்குப் பல்லு ஒண்ணு மேல ஒண்ணு, நம்ம கல்யாண போட்டோவுலயே வாயை மூடிக்கிட்டுதான் நின்னேன் என்றார். எனக்குத் தெருவிலேயே கால் நின்றுவிட்டது. அந்தப் படத்தை நான் எத்தனை வருஷமாகத் துடைத்து மாட்டுகிறேன். பிடிக்காத பெண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிற முகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் என்ன வேடிக்கை சொன்னாலும் சிரிக்க மாட்டாரே, அதனால். உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

சாயங்காலம் தையல்கடைக்காரியின் மின்னல் கதையைச் சொன்னேன். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, மறைக்கக் கை வாய்க்குப் போனது, பாதியில் இறங்கிவிட்டது.

இந்த யோசனையைக் கொடுத்தது நீதான் என்று எனக்கு இன்னும் சந்தேகம், மழுப்பாமல் பதில் எழுது. வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். இதோடு அப்பாவின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். அவருடைய கேமராவில் நான் எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கிறது. கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட இன்னொரு பிரதி போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் மேல் சந்தேகம் தீராத,
அம்மா