எல்லாம் ஆமைதானே

செவ்வாய்க் கிரகம், கீழ்ப்பள்ளத்தாக்குக் குடியிருப்பு
ஆமைக்கூடப் பதிவு. எழுதுவது: செங்கமலம், பராமரிப்பாளர்

கப்பல் போய் 538-ஆம் நாள். காலை 6.20

அறை ஒன்று: நட்சத்திர ஆமைக் குஞ்சுகள், ஏழு. வெப்பம் 31. வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிட்டேன். அறுகம்புல், செம்பருத்தி இலை, மேலே கணவாய் மீன் ஓட்டுத் தூள். மிச்சம் வைக்கவில்லை.

அறை இரண்டு: ஸ்டெப்பிப் புல்வெளி ஆமைகள், ஐந்து. குளிர்ந்த, உலர்ந்த அறை. ஒன்று மறுபடி சுவரடியில் சுரங்கம் வெட்டியிருக்கிறது. மண்ணை மூடிக் கல் வைத்தேன்.

அறை மூன்று: சிவப்புக்கால் ஆமைகள், நான்கு. மழைக்காட்டு இனம். வெப்பம் 28, ஈரப்பதம் 80. பப்பாளி, காளான். இவற்றுக்கு மட்டும்தான் பழம். மற்ற இரண்டுக்கும் பழம் கொடுத்தால் வயிறு கெடும்.

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் அறைக்குள் போக வேண்டும். திரும்பி வரக்கூடாது. அறைக்கு அறை செருப்பை மாற்றி முழங்கை வரை கை கழுவ வேண்டும். மூன்றும் மூன்று நிலத்து இனம், ஒரே அறையில் அடைக்கக்கூடாது. சிவப்புக்காலின் குடலில் இருக்கும் கிருமி அதை ஒன்றும் செய்யாது. நட்சத்திரக் குஞ்சுக்கு அதுவே எமன்.

இவை பூமியிலிருந்து வந்து இங்கே வாழ்ந்த பிள்ளைகள் ஆசையாக வளர்த்தவை. குரைக்காது, முடி கொட்டாது, காற்று அதிகம் செலவாகாது என்று ஆமைக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். குடியிருப்பைக் காலி செய்தபோது ஆமைக்குக் கப்பலில் இடமில்லை என்றார்கள். எனக்கும் இல்லை. நான் இங்கேயே பிறந்தவள், பூமியில் என் எலும்பு நிற்காது. போகும்போது எல்லாரும் அழுதார்கள். அழுதுகொண்டே ஏறிப் போனார்கள்.

540-ஆம் நாள். மாலை 4.05

மேலே ஒரு கப்பல் வந்து சுற்றுகிறது. ஒன்றரை வருடத்தில் முதல் மனிதக் குரல்.

"வணக்கம் மேடம். நான் கோதண்டபாணி, கம்பெனியோட சொத்து அதிகாரி. குடியிருப்ப இழுத்து மூடறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போலாம்னு தனியா வந்திருக்கேன். அங்க மூணு ரூமுக்குத் தனித்தனியா ஹீட்டர் ஓடுதே, யாருக்கு?"

ஆமைக்கு என்றேன்.

"ஆமைக்கா! ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க மேடம்."

"பழமொழியில பாதிய முழுங்கிட்டீங்க சார். அமீனா புகுந்த வீடும்னு இன்னொண்ணு இருக்கு. ஆமை இங்க ஏற்கெனவே இருக்கு. ஜப்தி பண்ற அமீனா இப்பத்தான் வர்றாரு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

547-ஆம் நாள். மாலை 5.40

புழுதிப்புயல். சூரியத் தகடுகள் மூடிப்போய் மின்சாரம் பாதியாகிவிட்டது. உடை மாட்டி வெளியே போய்த் துடைப்பத்தால் தகடு தகடாகத் தள்ளினேன். திரும்பி வந்தால் மூன்று அறைகளுக்கும் இடையிலுள்ள கதவுகள் பப்பரப்பா என்று திறந்து கிடக்கின்றன. இரண்டு ஹீட்டர்கள் அணைந்திருக்கின்றன. குளிர் தாங்காமல் எல்லாம் ஊர்ந்து வந்து முதல் அறை விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. நட்சத்திரக் குஞ்சுகள் குடிக்கும் தட்டில் ஒரு சிவப்புக்கால் நின்று கழிந்துகொண்டிருக்கிறது.

"கரண்ட் கொறஞ்சிட்டே வந்துது மேடம். கூப்ட்டுப் பாத்தேன், நீங்க எடுக்கல. அதான் இங்க கப்பல்லருந்தே கதவத் தொறந்துவிட்டு ஒரே ஹீட்டர் வெச்சேன். சேந்து இருந்தா கதகதன்னும் இருக்கும்ல? எல்லாம் ஆமைதானே?"

நான் சொன்ன பதிலைப் பதிவில் எழுத முடியாது. என் அப்பா பூமியில் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர், அவரிடம் கற்றுக்கொண்ட வார்த்தைகள் எல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துபோயின.

ஒவ்வொன்றாகக் கழுவிப் பிரித்தேன். தட்டுகளைக் கொதிக்க வைத்தேன். பிறகு கதவுகளுக்குப் போகும் கட்டளைக் கம்பியை அறுத்தேன். இனி இந்தக் கதவுகள் மனிதக் கைக்கு மட்டும்தான் திறக்கும்.

556-ஆம் நாள். காலை 7.00

அறை ஒன்று. சுண்டல் இறந்துவிட்டது. முந்தாநாள் பட்டாணி. அதற்கு முன் பெயர் ஒட்டாத இரண்டு. பெயரெல்லாம் பிள்ளைகள் வைத்தது. ஓட்டின்மேல் ஒட்டிய காகிதம் இன்னும் கிழியவில்லை.

முதலில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும். பிறகு கண் வீங்கும். பிறகு தண்ணீராகப் போகும். உள்ளங்கை அளவு உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்துவிடும்? மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், தொண்டைக்குள் போகவில்லை.

மூன்று மிச்சம். அவை தின்கின்றன.

அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலிருந்து கேட்டார்: "எத்தன போச்சு மேடம்? சொத்துக் கணக்குல கழிக்கணும்." அந்த ஆளுக்கு நல்ல சாவு வராது என்று வாய்விட்டே சொன்னேன்.

561-ஆம் நாள். மதியம் 1.30

இறங்கிவிட்டார். இறங்கிய அழகில் கப்பலிலிருந்து ஓட்டி வந்த ஓடத்தின் கால் ஒடிந்து காற்றுச் சுத்திகரிப்பான் நசுங்கிவிட்டது. வெளிக்கதவில் நிற்கிறார்.

"நாளைக்கு வரைக்கும்தான் காத்து இருக்கு மேடம். தொறங்க."

பேச்சுக்கு நடுவே தும்முகிறார். பூமியிலிருந்து வருபவர்களை நாற்பது நாள் தனியறையில் வைப்பது இங்கே சட்டம். நாங்கள் இங்கே பிறந்தவர்கள், உங்கள் சளிக்கு எங்கள் உடம்பு பழகவில்லை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒரு சமையல்காரர் சட்டத்தை மீறி நாலு நாளிலேயே வெளியே வந்தார். என்னோடு பிறந்து வளர்ந்த இரண்டு பேர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார்கள்.

தனி வாசலும் தனிக் காற்றும் உள்ளது மூன்றாம் அறை மட்டும்தான். அதில் சிவப்புக்கால்கள்.

"அதுங்கள வேற ரூம்ல போடுங்க. இல்லாட்டி வெளிய தூக்கி வைங்க மேடம். மனுசன் உசுரு பெருசா, ஆமை பெருசா?"

"வேற ரூம்ல போட்டு என்ன ஆச்சுன்னு நீங்கதான் கணக்குல கழிச்சீங்களே. அதுங்க அங்கதான் இருக்கும். கூட இருக்கறதுன்னா உள்ள வாங்க."

பிறகு வாசல் அழுத்தமானி அசைந்தது. வந்துவிட்டார்.

ஓர் இனத்தோடு இன்னோர் இனத்தை ஒரே அறையில் அடைக்காதே என்று மேலே எழுதியவள் நான்தான். இப்போது அறை மூன்று: சிவப்புக்கால் நான்கு, அதிகாரி ஒன்று.

566-ஆம் நாள். இரவு 8.15

வாய் ஓய்வதில்லை இந்த ஆளுக்கு.

"கொட்டு கொட்டுன்னு வேர்க்குது மேடம். மெட்ராஸ்ல மே மாசம் மழை வராம மூடாப்பு போட்டுட்டு நிக்குமே, அப்படி இருக்கு. ஈரத்தக் கொஞ்சம் கொறைங்களேன்."

குறைத்தால் அவற்றின் ஓடு கரடுமுரடாகிவிடும், நீங்கள் வேர்த்தால் குளியுங்கள் என்றேன்.

ஆமையைத் தொட்டால் கை கழுவ வேண்டும், அதன் எச்சத்தில் உள்ளது மனிதக் குடலைக் கிழிக்கும் என்று வந்த அன்றே சொன்னேன். இன்று திரையில் பார்க்கிறேன்: தரையில் சம்மணம் போட்டுத் தயிர்சாதம் பிசைகிறார். மடியில் ஓர் ஆமை. தான் ஒரு வாய் போட்டுக்கொண்டு, அதே கையால் அதற்கு ஓர் உருண்டை நீட்டுகிறார்.

"ஏங்க! அது பால் சாப்பிடற பிராணியா? வயிறு ஊதிச் சாகும்!"

"ஒரு வாய்தான் மேடம். தின்னும்போது மூஞ்சியவே பாக்குது, பாவம். குடுக்காம எப்படிங்க எறங்கும்?"

ஐந்து நாள் முன்பு இவற்றைத் தூக்கி வெளியே வை என்ற அதே வாய்! பகையாளியாக இருந்தபோது கதவைத்தான் திறந்தான். இப்போது பாசம் வந்துவிட்டது, இனி என்னவெல்லாம் செய்வானோ. கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. அவரும் திருப்பிக் கத்தினார். இரவுச் சாப்பாட்டை நான் இன்று முழுதாகச் சாப்பிட்டேன்.

572-ஆம் நாள். காலை 9.00

அதிகாரிக்குக் காய்ச்சல். வாந்தி, பேதி. நான் சொன்னதேதான். உணவுத் துளை வழியாக மாத்திரையும் உப்புத் தண்ணீரும் தள்ளினேன். எடுத்துக் குடித்தார், வெளியே வந்துவிட்டது.

"கை கழுவலன்னு திட்டுங்க மேடம். திட்டிட்டே இருங்க. தூக்கம் வந்தா பயமா இருக்கு."

திட்டினேன்.

573-ஆம் நாள். இரவு 11.50

மாலையிலிருந்து துளைக்கு வரவில்லை. தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறார். சலைன் ஏற்றினால் பிழைப்பார். உள்ளே போய்த்தான் ஏற்ற வேண்டும். வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, நேற்றுகூடத் தும்மினார்.

செத்தால் சாகட்டும். நாலு குஞ்சுகளைக் கொன்றவன். சட்டம் என் பக்கம் இருக்கிறது.

மைக்கில் கூப்பிட்டேன். சார் என்றேன். அமீனா என்றேன். அப்பாவின் வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னேன். பதில் இல்லை.

ஒன்றரை வருடம் இந்தச் சத்தமின்மையில் இருந்தேன். பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பொய். பன்னிரண்டு நாள் ஒருத்தன் என்னோடு சண்டை போட்டான், எனக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள், முக்கியமாக அவரிடம்.

துணி முகமூடி இரண்டு இருக்கிறது. போகிறேன்.

576-ஆம் நாள். மாலை 3.00

பிழைத்துக்கொண்டார். நேற்று கஞ்சி குடித்தார். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினேன், முழங்கையில் நீலம் பாய்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு புகார்.

எனக்கு மூக்கு ஒழுகுகிறது.

ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் தின்றன. முதல் அறையில் மூன்று குஞ்சுகளும் எடை கூடியிருக்கின்றன. ஒன்றின் ஓட்டில் புது வளையம் தெரிகிறது.

579-ஆம் நாள். நேரம் பார்க்கவில்லை

கட்டுப்பாட்டு அறையில் படுத்திருக்கிறேன். காய்ச்சல் 40. மூச்சு விட்டால் உள்ளே கரகரக்கிறது. முந்தாநாளிலிருந்து குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தக் குரல்தான்.

அவர் எழுந்து நடமாடுகிறார். மூன்றாம் அறை மைக்கிலிருந்து பேசினார்:

"நீங்க படுத்துக்குங்க மேடம். எனக்கு உசுரு குடுத்தவங்க நீங்க. உங்க பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். கவலையே படாதீங்க."

அவர் அறைத் திரைக்கு எல்லாவற்றையும் தட்டி அனுப்பினேன். எது முதலில், எது கடைசியில், யாருக்குப் பழம், யாருக்குப் புல். செருப்பு. சோப்பு.

"சரி மேடம், சரி மேடம்."

படித்தாரா தெரியவில்லை. அவ்வளவு சீக்கிரம் யாராலும் படிக்க முடியாது.

அதே நாள், பிறகு

எழுந்து பார்த்தேன். வாசல்வரை வந்தேன். கால் மடிந்துவிட்டது. ஊர்ந்து மறுபடி மேசைக்கு வந்தேன்.

திரை. நடைபாதை. மூன்றாம் அறைக் கதவு திறக்கிறது. வெளியே வருகிறார். மடியில் வைத்துக் கொஞ்சிய கை. அதில் பப்பாளித் துண்டு. அதே செருப்பு.

முதல் அறைப் பக்கம் திரும்புகிறார். புல் இருக்கும் கூடையைப் பார்க்கவே இல்லை. நல்லதாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார். பழுத்த துண்டு. விதையெல்லாம் எடுத்திருக்கிறார்.

கதவைப் பூட்ட வழி இல்லை. கம்பியை நான்தான்

மைக்கைத் தட்டுகிறேன். கேட்டுவிட்டது. நின்றார். அண்ணாந்து காமிராவைப் பார்க்கிறார். சிரிக்கிறார். பழத்தைத் தூக்கிக் காட்டுகிறார். கை ஆட்டுகிறார்.

நல்ல மனுஷன். ஐயோ, நல்ல மனுஷனாகிவிட்டான்.

குழாய்கிட்ட வந்துட்டார்

கை கழுவுங்க

தாண்டிப் போறார்

யோவ் கை கழுவுய்யா

மூணுதான் இருக்கு

கை கழுவுடா டேய் கை